பெரிய வெள்ளிக் கஞ்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புள்ள ஆலயப் பங்குமக்களுக்கும், நம் பங்கைச் சேராதவர்களாயிருந்தும் அன்று முழுவதும் எங்களோடு நின்ற அன்பர்களுக்கும் வணக்கம்.

கடந்த 2025 ஏப்ரல் 18ஆம் தேதி, பெரிய வெள்ளியன்று, பிற்பகல் மூன்று மணி வழிபாட்டில் திருச்சிலுவையை முத்தமிட்டுவிட்டு வெளியே வந்த ஏறத்தாழ 400 பேருக்குச் சிங்கப்பூரில் உள்ள நம் ஆலய வளாகத்தில் கஞ்சி பரிமாறினோம். அந்தப் பணியை ஒருங்கிணைக்கும் பொறுப்பு இவ்வாண்டு எனக்குத் தரப்பட்டிருந்தது. தொண்டூழியர்கள் பலரும் தங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அவரவர் செய்த வேலையைச் சொல்லியே நன்றி கூறுகிறேன்.

முதல் நன்றி, ஒவ்வொரு நோன்பு மாதமும் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சும் பாய் அவர்களுக்கு உரியது. எங்களிடம் இருந்த பாத்திரங்கள் 100 பேருக்கு மேல் தாங்காது என்று தெரிந்து, தெரிந்தவர் ஒருவர் மூலம் அவரிடம் இரவல் கேட்டோம். நோன்புப் பெருநாள் முடிந்து மூன்று வாரம்கூட ஆகியிராத நிலையில், இரண்டு பெரிய தேக்சாக்களைத் தேய்த்துக் கழுவித் தம் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு அதிகாலை ஆறு மணிக்கு வந்து நின்றார். இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தோம். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். துடுப்பை வட்டமாகச் சுற்றினால் நடுவில் அடிபிடித்துவிடும், ஓரத்திலிருந்து நடுவுக்கு அடியைத் தொட்டு இழுத்துவர வேண்டும் என்று செய்து காட்டினார். எங்களுக்கு அன்று சுத்தபோசனம் என்றதும், இறைச்சி சேராத கஞ்சிக்குப் பூண்டும் வெந்தயமும்தான் உயிர் என்று சொல்லி, நாங்கள் எடுத்து வைத்திருந்த பூண்டைப் பார்த்து இன்னும் ஒரு மடங்கு உரிக்கச் சொன்னார். 20 கிலோ பச்சரிசியும் 4 கிலோ பாசிப்பயறும் குழைந்து தேங்காய்ப்பால் சேரும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

பதினொரு மணியளவில், அரிசி பாதி வெந்திருந்தபோது, ஓர் அடுப்பின் எரிவாயு தீர்ந்துவிட்டது. மாற்று உருளை ஒன்று வாங்கி வைக்க நான் தவறியிருந்தேன். பொது விடுமுறையாதலால் உடனே கொண்டுவந்து தருவாரும் கிடைக்கவில்லை. எதிர்ப்புறக் காப்பிக் கடையில் கேட்டுப் பார்க்க எங்கள் பிள்ளைகளில் ஒருவன் ஓடினான். அடுத்த சில நிமிடங்களில் அந்தக் கடையின் சீனப் பெரியவர் உருளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தாமே தள்ளிக்கொண்டு வந்தார். பொருத்தி, தீயை ஏற்றிப் பார்த்து, பணம் எதையும் வாங்காமல் திரும்பிவிட்டார். அவருடைய மொழியில் நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை. இம்மடலின் செய்தியை மாண்டரின் அறிந்த நம் பங்குச் சகோதரி ஒருவர் அவரிடம் சேர்ப்பிப்பதாக வாக்களித்திருக்கிறார்.

உப்புப் பார்த்த தம்பியைச் சொல்லாமல் விட முடியாது. 18 வயது முதல் 59 வயதுவரை உள்ளவர்களுக்கு அன்று ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழு உணவு உண்ணும் நோன்பு) கடமையாதலால், சமைத்தவர்களில் எவரும் வாயில் வைத்துப் பார்க்க முன்வரவில்லை. ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற, எழுபது வயதைக் கடந்த எங்கள் பாட்டிக்கு விலக்கு உண்டு. ஆனாலும் அவர் மறுத்துவிட்டார். கடைசியில் மறைக்கல்வி வகுப்பிலிருந்து ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து வந்தோம். அவன் கரண்டியை ஊதி ஊதிக் குடித்து, கண்ணை மூடி யோசித்து, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றான். மூன்று முறை அவ்வாறே சொன்னான். நான்காம் முறை தலையசைத்தபோது சமையற்கூடமே சிரித்துவிட்டது.

பெரிய வெள்ளியன்று சிரிப்பென்ன என்று பாட்டி கடிந்துகொண்டார். அவர் சொன்னது நியாயமே. நற்கருணைப் பேழை வெறுமையாக இருக்கும் நாள். மணிகூட ஒலிக்காத நாள். உடனே நாங்கள் அமைதியாகித் துயர மறைபொருள்களைத் தியானித்துச் செபமாலை சொல்லிக்கொண்டே தேங்காய் துருவினோம். ஆனால் உள்ளத்தில் இருந்த மகிழ்ச்சி அதனால் குறையவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். துக்க நாளில் மகிழ்ந்தது தவறோ என்று இரண்டு நாள் யோசித்தேன். இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் சிலுவைப்பாதையின் ஐந்தாம் நிலையில் ஒருவர் அவருடைய சிலுவையின் பாரத்தில் பங்கேற்கிறார், ஆறாம் நிலையில் ஒரு பெண் அவர் முகத்தைத் துடைக்கிறார். அந்த நாளின் துயரத்துக்குள்ளும் கைகளுக்கு வேலை இருந்திருக்கிறது. விடுமுறை நாள்களில் பிற்பகல்வரை உறங்கிப் பழகிய எனக்கு, கால் வலிக்க நின்ற அந்த நாள்தான் இவ்வாண்டில் இதுவரை கிடைத்த நிறைவான விடுமுறை.

இரவுப் பணி முடித்து நேராக வந்து வெங்காயம் நறுக்கிய தாதியருக்கும், தேக்கா சந்தையில் அலைந்து தேங்காய் வாங்கித் தந்தவர்களுக்கும், மூட்டைகளைச் சுமந்த தேசிய சேவை இளைஞர்களுக்கும், வளாகத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்த மரியாயின் சேனை என்ற பக்திக் குழுவினருக்கும் மனமார்ந்த நன்றி.

தங்கும் விடுதிகளிலிருந்து வழிபாட்டுக்கு வந்திருந்த வெளிநாட்டு ஊழியர்கள் விருந்தினராக வந்து தொண்டூழியர்களாக மாறியவர்கள். தமிழ்நாட்டின் ஓரியூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி, தம் தாயும் இந்நேரம் ஊர்க் கோயில் முற்றத்தில் கஞ்சி கிண்டிக்கொண்டிருப்பார் என்று சொல்லிக் கைப்பேசியில் அழைத்தார். இங்கே ஐந்து மணி, அங்கே இரண்டரை. திரையில் தெரிந்த அந்த அம்மா, மகனைப் பார்ப்பதற்கு முன் எங்கள் கஞ்சியைக் காட்டச் சொல்லி, தண்ணீர் சற்றுக் குறைவு என்றார். அந்தத் தம்பியும் அவருடைய அறைத் தோழர்கள் நால்வரும் (அவர்களில் இருவர் இந்துக்கள்) உண்டு முடித்ததும், நாங்கள் எவ்வளவோ தடுத்தும் கேளாமல், இரண்டு தேக்சாக்களையும் கவிழ்த்துப் போட்டு அடி மின்னும்வரை தேய்த்தார்கள்.

மறுநாள் பாத்திரங்களைத் திருப்பித் தரச் சென்றபோது, பாய் அவர்கள் தேக்சாக்களை மட்டும் இறக்கிக்கொண்டு, மரத்துடுப்பை நாங்கள் கொண்டுசென்ற லாரியிலேயே விட்டுவிட்டார். அடுத்த பெரிய வெள்ளிக்குத் தேடி அலைய வேண்டாம், அது உங்களிடமே இருக்கட்டும் என்றார். அதைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சமையற்கூடக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறோம்.

இறை அன்பில்,
கஞ்சிக் குழுவின் சார்பில், ஒருங்கிணைப்பாளர்