காய்ச்சலோட வர்ற புள்ளைங்கள பாக்குற டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

டாக்டர்களுக்கு வணக்கம். வைரஸ் வந்து போன சில வாரத்துல திரும்ப காய்ச்சல் அடிச்சு, கண்ணு செவந்து, உதடு வெடிச்சு, வயித்துவலி வாந்தியோட அட்மிட் ஆன ஒரு பொண்ணோட அம்மா எழுதுறேன்.

ஒருத்தர் ரத்தக்குழாய்ல அழற்சி வர்ற கவாசாகி நோய்ன்னார், அடுத்தவர் கோவிட்டுக்கு அப்புறம் பல உறுப்புல அழற்சி வர்ற மிஸ்-சின்னார், ராத்திரி டூட்டிக்கு வந்தவங்க மாக்ரோஃபேஜ் ஆக்டிவேஷன் சிண்ட்ரோமும், அதான் எதிர்ப்பு சக்தியே கட்டுமீறி உடம்ப தாக்குறதும், சேந்திருக்கலாம்னாங்க. யார் மேலயும் கோவம் இல்ல. இது மூணையும் ஒரே டெஸ்ட்ல பிரிச்சு சொல்ல முடியாதுன்னு எனக்கு இப்ப தெரியும். கவாசாகி பெரும்பாலும் அஞ்சு வயசுக்குள்ள, 1967லயே ஜப்பான்ல எழுதி வச்ச நோய். மிஸ்-சிக்கு 2020லதான் பேரே வச்சாங்க, கோவிட் வந்து 2லேர்ந்து 6 வாரம் கழிச்சு, கொஞ்சம் பெரிய புள்ளைங்களுக்கு வரும், வயிறும் ஹார்ட்டும் அடிவாங்கும். சொல்லும்போது தெளிவாத்தான் இருக்கு, ஆனா வார்டுல படுத்திருக்குற புள்ள புத்தகத்த பாத்துட்டா நோய் வாங்கிட்டு வருது?

நான் சொல்ல வந்தது ஈஎஸ்ஆர் பத்தி, அதான் உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுற ரத்த டெஸ்ட். எங்க பொண்ணுக்கு அது சடார்னு எறங்குச்சு, நல்லா ஆகிட்டு வருதுன்னு எங்ககிட்ட சொன்னாங்க, நாங்களும் சாமிக்கு நன்றி சொன்னோம், ஆனா அதே பேப்பர்ல அழற்சிய காட்டுற இன்னொரு டெஸ்டான சிஆர்பி எறங்கவே இல்ல, பிளேட்லெட் கொறைஞ்சிருந்துச்சு, அழற்சி கட்டுமீறுனா எகிறுற ஃபெர்ரிட்டின் ஆயிரக்கணக்குல நின்னுச்சு. மாக்ரோஃபேஜ் ஆக்டிவேஷன்ல ரத்தம் உறைய உதவுற ஃபைப்ரினோஜன் கரைஞ்சு போறதால ஈஎஸ்ஆர் எறங்கும், அது குணம் இல்ல ஆபத்துன்னு அப்புறம்தான் எங்களுக்கு வெளங்குச்சு. இன்னொரு பக்கம், ஐவிஐஜிங்கற ஆன்டிபாடி மருந்த ட்ரிப்ஸ்ல ஏத்துனா ஈஎஸ்ஆர் சும்மாவே ஏறும். எறங்குனாலும் ஏமாத்தும், ஏறுனாலும் ஏமாத்தும்! அதனால ஒரு நாள் ரிப்போர்ட்ட மட்டும் பாக்காம நாலஞ்சு நாள் நம்பர பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, ஷிஃப்ட் மாறும்போது அந்த வரிசைய கைமாத்தி குடுங்க.

பேர் முடிவாகுறவரைக்கும் ட்ரீட்மென்ட் காத்திருக்கக் கூடாதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. கவாசாகிக்கு மருந்து குடுக்கலன்னா ஏறக்குறைய நாலுல ஒரு புள்ளைக்கு ஹார்ட்டோட ரத்தக்குழாய் வீங்கும், பத்து நாளுக்குள்ள ஐவிஐஜி போட்டா அது நல்லா கொறையும்ங்கறது நீங்க படிச்சதுதான். அதேசமயம் லுகேமியாங்கற ரத்தப் புற்றுநோயும் இதே வேஷத்துல வரும், ஸ்டீராய்டு அத மறைச்சுடும்னும் எங்களுக்கு ஒரு டாக்டர் பொறுமையா சொன்னார், ஸ்டீராய்டுக்கு முன்னாடியே ரத்தத்த ஸ்லைடுல பாக்க சொல்லி எழுதி விட்டார், அவர மறக்க மாட்டேன்.

ஃபைல்ல ஒரே பேர எழுதி கோடு போட்டு மூடாதீங்க. மிஸ்-சின்னு எழுதுங்க, கீழயே கவாசாகி இன்னும் தள்ளல, ஃபெர்ரிட்டின் நாளைக்கு திரும்பன்னு ஒரு வரி சேருங்க. காய்ச்சல் ஆரம்பிச்ச தேதிய முதல் பக்கத்துலயே போடுங்க, எல்லா கணக்கும் அதுலேந்துதான ஓடுது. ஹார்ட்ட ஸ்கேன் பண்ற எக்கோ முதல் தடவ நார்மல்னா கூட, ஒண்ணு ரெண்டு வாரத்துல ஒருக்கா, 4லேர்ந்து 6 வாரத்துல இன்னொருக்கா எடுக்கணும்னு டிஸ்சார்ஜ் சம்மரில தேதியோட எழுதி குடுங்க. வெறும் வைரல்னு வீட்டுக்கு அனுப்புறீங்களா, காய்ச்சல் அஞ்சாவது நாளும் நின்னா, கை கால் வீங்குனா, புள்ள சோர்ந்து போனா உடனே வாங்கன்னு அதே சீட்டுல எழுதிடுங்க, நாங்க வந்துடுவோம்.