பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

நேற்று கேப்பர் மலைப் பக்கம் போயிருந்தேன். மழை விட்டு நாளாகியும், முந்திரித் தோப்பு ஓரத்தில் தண்ணீர் கசிகிற அந்தச் செம்மண் சரிவு இன்னும் காயவில்லை. அழுகண்ணி, அதுதான் அந்தப் பூச்சி பிடிக்கிற செடி, வந்திருக்கிறது. பன்னிரண்டாவது படிக்கும்போது நீ முட்டி போட்டுப் பார்த்தாயே, அதே இடம். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. வெயில் படுகிற இடத்தில் சிவப்பு, புல் நிழலில் பச்சை. இலையின் முடி ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டுப் பசை. கொசு மாதிரி ஏதோ வந்து உட்கார்ந்தது. நான் கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் ஓரத்து நீள முடிகள் மடங்கி அதை நடுவுக்குத் தள்ளிவிட்டன. மற்ற வகைகள் பலவற்றுக்கு நிமிடக்கணக்கில் ஆகும், இந்தப் பர்மன்னி வகைக்குச் சில விநாடி போதும் என்று எனக்குச் சொன்னவளே நீதான். டார்வின் 1875-இல் பூச்சி தின்னும் செடிகளுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார் என்பதையும் நீ சொல்லித்தான் தெரியும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன், என் மகள் சொன்னது என்று.

இப்போது நீ எதுவும் சொல்வதில்லை. போனில் ‘ம்’, ‘சரிப்பா’, ‘வேலை இருக்கு’, அவ்வளவுதான். பெற்றவர்களுக்கு இது போதுமா? ஆய்வகம் பற்றி நான் கேட்கவில்லை. உன் கைடு பற்றியும் கேட்கப்போவதில்லை. ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

சரிவுக்குக் கீழே கல் நட்டு மனை போட்டிருக்கிறார்கள். வேறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டினால் போச்சு. தழைச்சத்து குறைந்த மண்ணில்தான் அழுகண்ணி பிழைக்கும். அந்தச் சத்துக்குத்தான் பூச்சி பிடிக்கிறது. மண்ணில் உரம் ஏறினால் புல் ஓங்கி வளர்ந்து மூடிவிடும். அதை நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதை மட்டும் நினைத்து இல்லை.

பொங்கலுக்கு வா. வெயில் ஏறினால் செடி காய்ந்துபோகும், அதற்குள் வா. டிக்கெட் நான் எடுக்கிறேன். படிப்பை முடித்தாயா, விட்டுவிட்டாயா என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அத்தை கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். எந்த ரயில் என்று மட்டும் சொல்லு, ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.

சாப்பிடு.

அப்பா