ட்ரோன் வைத்திருக்கும் நண்பர்கள் கவனத்துக்கு

வணக்கம். முகூர்த்த நாட்கள் வருகின்றன. மண்டபத்துக்குக் கிளம்பும் முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் (எங்கே ட்ரோன் பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் இணைய வரைபடம்) அந்த இடத்தின் நிறத்தைப் பாருங்கள். பச்சை என்றால் 400 அடி வரை தனி அனுமதி வேண்டாம். ஆனால் விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கி.மீ.க்குள் மண்டபம் இருந்தால் 200 அடிதான் எல்லை. அதற்கு மேல் மஞ்சள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி தேவை. சிவப்பு என்றால் மத்திய அரசே அனுமதிக்க வேண்டும். பெண் வீட்டார் எவ்வளவு கெஞ்சினாலும் பெட்டியைத் திறக்காதீர்கள்.

அப்புறம், பதிவு எண் இல்லாத ட்ரோனை வாடகைக்கு வாங்கிப் பறக்கவிடாதீர்கள். 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்குப் பயன்படுத்த ரிமோட் பைலட் சான்றிதழும் வேண்டும். 2021 ட்ரோன் விதிகளை மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை. பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் தலைக்கு மேல் தயவுசெய்து ஓட்டவே வேண்டாம்.