யோசேப்பு குழிக்குள் என்ன சொன்னான்?

அன்புள்ள மகளே,

இதையெல்லாம் போனில் பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். அத்தை உன்னிடம் தாத்தாவைப் பற்றிச் சொன்னதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. உனக்குத் தெரிய வேண்டிய வயதுதான். நீ இரண்டு கேள்வி கேட்டாய். "இவ்வளவு நடந்தப்புறம் எப்படிப்பா உங்களால கடவுளை நம்ப முடிஞ்சது?" என்பது ஒன்று. கொஞ்சம் தயங்கி இன்னொன்றும் கேட்டாய்: "நல்ல அப்பா கிடைக்காததால நீங்களே ஒரு அப்பாவை உண்டாக்கிக்கிட்டீங்களோ?"

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். மனோதத்துவ அறிஞர் சிக்மண்ட் ஃப்ராய்ட் 1927-லேயே ஏறக்குறைய இதைத்தான் எழுதினார். சிறுவயதில் திக்கற்று நின்றபோது தகப்பனிடம் தேடிய பாதுகாப்பைத்தான் மனிதன் வளர்ந்தபிறகு வானத்தில் தேடுகிறான் என்பது அவருடைய வாதம். தகப்பனிடம் பாதுகாப்பு கிடைத்த வீடுகளுக்கு அது பொருந்தலாம். எங்கள் வீட்டில் தகப்பன் என்பது சாவிச் சத்தம். ராத்திரி வெளிக்கதவில் சாவி ஒரே தடவையில் உள்ளே போனால் அன்றைக்குத் தப்பித்தோம். துவாரத்தைத் தேடி உரசிக்கொண்டே இருந்தால் அத்தையும் நானும் கட்டிலுக்கு அடியில். எத்தனை முறை உரசுகிறது என்பதை வைத்தே, பெல்ட்டா வெறும் கையா என்றுகூட அத்தை சொல்லிவிடுவாள். நான் எனக்கென்று ஒரு கடவுளை உண்டாக்கியிருந்தால், அதற்கு 'அப்பா' என்று பெயர் வைத்திருப்பேன் என்றா நினைக்கிறாய்? உன் அத்தை மாதிரி ஒருத்தரைத்தான் செய்திருப்பேன்.

சபைக்குப் போக ஆரம்பித்தபிறகும் பல வருஷம் எல்லாரும் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று ஆரம்பிக்கும்போது நான் வாயைத் திறக்கமாட்டேன். 'உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக' என்ற இடத்தில்தான் சேர்ந்துகொள்வேன். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. இப்போது முதல் வரியையும் சொல்கிறேன். எப்போது மாறியது என்று கேட்டால் எனக்கே ஞாபகம் இல்லை.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன்.

அம்மா வீட்டை விட்டுப் போனபிறகு எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் சொன்ன ஆறுதல்தான் என்னைக் கடவுளை விட்டு அதிக தூரம் துரத்தியது. 'எல்லாம் அவர் சித்தம்', 'உன்னைப் புடமிடுகிறார்', 'இதிலும் ஒரு நோக்கம் இருக்கும்.' பத்து வயதுப் பையனிடம் இதைச் சொன்னால் அவனுக்கு என்ன புரியும்? பெல்ட்டைப் பிடித்திருக்கும் கைக்குப் பின்னால் இன்னொரு கையும் இருக்கிறது என்று புரியும். எனக்கு அப்படித்தான் புரிந்தது. அப்படிப்பட்ட ஒருவரை நம்புவதைவிட யாருமே இல்லை என்று நம்புவது எவ்வளவோ நிம்மதியாக இருந்தது. இருபத்தைந்து வயதுவரை அப்படித்தான் இருந்தேன், நன்றாகவே இருந்தேன் என்றும் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் நைட் ஷிஃப்டில் என்னோடு ஒரு பெரியவர் வேலை பார்த்தார். இடைவேளையில் பைபிள் படிப்பார். யாரிடமும் பேசிப் பிரசங்கம் பண்ணமாட்டார். ஒருநாள் நானாகவே வம்புக்கு இழுத்தேன்: "என் வீட்டில் இப்படியெல்லாம் நடந்தது. உங்க ஆண்டவர் அப்போ எங்கே இருந்தார்?" வழக்கமான பதில் வரும், வந்தால் இரண்டாகக் கிழித்துவிடலாம் என்று தயாராக இருந்தேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "தெரியலப்பா" என்றார். அவ்வளவுதான். அப்புறம் 88-ஆம் சங்கீதத்தை எடுத்துக் கொடுத்தார்.

நீ படித்திருக்கமாட்டாய். யாரும் அதைக் காலண்டரில் போடுவதில்லை. பைபிளில் 150 சங்கீதங்கள், பாட்டாகப் பாடிய ஜெபங்கள். அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். ஆனால் மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் எங்கேயாவது ஒரு இடத்தில் திரும்பும். 'ஆனாலும் உம்மை நம்பியிருக்கிறேன்' என்பது போல ஒரு வரி வந்துவிடும். 88 திரும்புவதில்லை. 18 வசனம், இருட்டில் ஆரம்பித்து இருட்டிலேயே நிற்கிறது. அதில் ஒரு வரி: "சிறுவயதுமுதல் நான் சிறுமைப்பட்டவனும் மாண்டுபோகிறவனுமாயிருக்கிறேன்." ஜெபம் என்றால் நன்றி சொல்வது, மன்னிப்புக் கேட்பது, பாஸ் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்றுதான் நினைத்திருந்தேன். கடவுளின் முகத்துக்கு நேராக இப்படி ஒரு குற்றச்சாட்டை வைத்திருக்கிறான் ஒருவன். அதைக் கிழித்துப் போடாமல் பாட்டுப் புத்தகத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு விசுவாசம் வந்துவிடவில்லை. இந்தப் புத்தகம் பொய் சொல்கிற புத்தகம் இல்லை போலிருக்கிறதே என்று தோன்றியது, அவ்வளவுதான். ஆதியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

யோசேப்பின் கதை உனக்குத் தெரியும், ஞாயிறு பள்ளியில் படித்திருப்பாய். பதினேழு வயதுப் பையனை அண்ணன்மார் அங்கியைக் கழற்றித் தண்ணீரில்லாத குழியில் போடுகிறார்கள். போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருகிறார்கள். அப்புறம் 20 வெள்ளிக்காசுக்கு விற்றுவிடுகிறார்கள். இது ஆதியாகமம் 37. நீ ஒருதடவை எடுத்துப் பார். அந்த அதிகாரத்தில் குழிக்குள் இருக்கும் பையன் வாயே திறப்பதில்லை. அண்ணன்மார் திட்டம் போடுவது இருக்கிறது, பேரம் பேசுவது இருக்கிறது. பையன் அழுதானா, கத்தினானா, ஒரு வார்த்தைகூட இல்லை. வாசிக்கிறவன், சரி, அவன் பேசாமல்தான் இருந்தான் போலிருக்கிறது என்று கடந்துபோய்விடுவான். நானும் கடந்துபோனேன்.

ஐந்து அதிகாரம் தள்ளி, இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து, பஞ்ச காலத்தில் அதே அண்ணன்மார் தானியம் வாங்க எகிப்துக்கு வருகிறார்கள். எதிரே நிற்கும் அதிகாரி தம்பிதான் என்று அவர்களுக்குத் தெரியாது. மாட்டிக்கொண்டோம் என்ற பயத்தில் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்: "அவன் நம்மைக் கெஞ்சி வேண்டிக்கொண்டபோது, அவன் மனவியாகுலத்தை நாம் கண்டும், அவனுக்குச் செவிகொடாமற்போனோமே." அப்படியானால் அவன் கெஞ்சியிருக்கிறான். மேலே அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் கீழேயிருந்து கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறான்.

இதை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஏன் என்று சொல்கிறேன். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், நாங்கள் சின்ன வயதில் இருந்த வீட்டுக்குப் பக்கத்துப் போர்ஷன் அம்மாவைத் தற்செயலாகப் பார்த்தேன். நலம் விசாரித்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்: "ராத்திரியானா உங்க ரெண்டு பேர் சத்தமும் எங்களுக்குக் கேட்கும், பாவமா இருக்கும்." நான் அதுவரை என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? யாருக்கும் கேட்கவில்லை, அதனால்தான் யாரும் வரவில்லை என்று. எல்லாருக்கும் கேட்டிருக்கிறது.

எங்கள் வீட்டுக் கதையை உறவில் யார் சொன்னாலும் 37-ஆம் அதிகாரம் மாதிரிதான் சொல்வார்கள். 'அவருக்குக் குடிப்பழக்கம், அவ பொறுமையில்லாம போயிட்டா, பிள்ளைங்க எப்படியோ வளர்ந்துடுச்சு.' அந்தக் கதையில் நாங்கள் பேசுவதே இல்லை. இந்தப் புத்தகம் அந்தப் பையனின் கெஞ்சலை விடாமல் வைத்திருந்தது. அதைக் கேட்காமல் போனவர்களின் வாயிலிருந்தே, அவன் காதில் விழுகிற மாதிரி, வெளியே கொண்டுவந்தது. மொழிபெயர்ப்பாளனை வைத்துப் பேசியதால், தாங்கள் பேசுவது அவனுக்குப் புரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. அவன் அப்பால் போய் அழுதான் என்று இருக்கிறது. நான் அப்பால்கூடப் போகவில்லை.

இதை எழுதிவைத்த யாரோ ஒருவருக்குக் குழிக்குள் இருந்த பையன் முக்கியமாக இருந்திருக்கிறான். என் விசுவாசத்துக்கு அடித்தளம் இதுதான் மகளே. வாதத்தில் தோற்றுப்போய் நான் நம்பவில்லை. சத்தம் கேட்ட ஒருவர் இருக்கிறார் என்று பட்டது. அதற்கப்புறம் அதே புத்தகத்தில் இன்னொரு இடமும் கண்ணில் பட்டது. ஆபிரகாம் வீட்டிலிருந்து அனுப்பிவிடப்பட்ட அடிமைப்பெண் ஆகார், வனாந்தரத்தில் தண்ணீர் தீர்ந்து, பிள்ளையைச் செடியின் கீழ் விட்டுவிட்டு, அவன் சாவதைப் பார்க்க முடியாமல் தூரப்போய் உட்கார்ந்து சத்தமிட்டு அழுகிறாள். அழுதது தாய். அடுத்த வரி என்ன தெரியுமா? "தேவன் பிள்ளையின் சத்தத்தைக் கேட்டார்." பிள்ளை அழுததாக அதற்கு முன்னால் ஒரு வார்த்தையும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழப் பழகிய பிள்ளைகளுக்கு இது புரியும்.

நீ உடனே கேட்பாய், எனக்குத் தெரியும். பக்கத்துப் போர்ஷன் அம்மாவுக்கும்தானே கேட்டது? கேட்டும் வராதவரை என்ன செய்வது? ஆகாருக்குத் துரவு, அதாவது கிணறு, காட்டப்பட்டது. எனக்குக் காட்டப்படவில்லை. யோசேப்பையும் வானத்திலிருந்து கயிறு இறக்கி யாரும் தூக்கவில்லை. அடிமையாக விற்கத்தான் தூக்கினார்கள். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் நான் அதை அவரிடமே கேட்கிறேன், மரியாதை இல்லாத பாஷையில்கூடக் கேட்டிருக்கிறேன். ஆனால் சிலுவையில் தொங்குகிறவர் 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று கத்துகிறாரே, அதற்கும் வானத்திலிருந்து பதில் இல்லை. பிதாவைப் பார்த்துக் கத்திய மகன் அவர். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு பாவம் பார்த்தவர்களில் அவரைச் சேர்க்க என்னால் முடியவில்லை. கட்டிலுக்கு அடியில்தான் சேர்க்க முடிகிறது. உனக்கு இது போதாமல் இருக்கலாம். எனக்கே சில நாள் போதாது.

யோசேப்பு கடைசியில் சொல்வதைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள்: 'நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்.' உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார். எகிப்து ராஜா பார்வோன் முன்னால் நிற்கும்போது அவனுக்கு 30. ஏழு வருஷச் செழிப்பு, பஞ்சத்தில் இரண்டு, அப்புறம் தகப்பன் எகிப்தில் இருந்த 17 வருஷம். இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவனுக்கு 56 வயது. அதுவும் அவனே சொல்கிறான், அடிபட்டவன் சொல்கிறான். குழிக்குள் கிடந்த பதினேழு வயதுப் பையனிடம் மேலேயிருந்து எட்டிப் பார்த்து இதை யாராவது சொல்லியிருந்தால் அது ஆறுதலா? யாரிடமும் நீ இதைச் சொல்லாதே. அவர்கள் 56 வயதில் அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்.

தாத்தாவை மன்னித்தீர்களா என்று நீ கேட்கவில்லை, ஆனால் சபையில் கேட்காதவர்கள் கிடையாது. மன்னித்தேன். கடைசிக் காலத்தில் அவருடைய மருந்துச் செலவைப் பார்த்துக்கொண்டேன். ஆனால் லீவுக்கு உன்னை ஏன் தாத்தா வீட்டில் விடமாட்டேன் என்கிறேன் என்று சின்ன வயதில் அழுவாயே, காரணம் இப்போது புரிந்திருக்கும். அதில் எனக்கு இன்றுவரை இரண்டாம் யோசனை இல்லை. யோசேப்பும் அண்ணன்மாரைப் பார்த்தவுடன் கட்டிப்பிடிக்கவில்லை. அவர்களில் ஒருவனான சிமியோனைப் பிடித்துவைத்துக்கொண்டு, வீட்டில் இருந்த கடைசித் தம்பி பென்யமீனைக் கொண்டுவரச் சொல்லி, இவர்கள் மாறியிருக்கிறார்களா என்று சோதித்துப் பார்த்தபிறகுதான் தன்னை யாரென்று சொன்னான். உன் தாத்தா மாறவில்லை. நடந்தது நடந்தது என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

இன்னொன்று. எனக்கு இன்னும் சாவிச் சத்தம் ஆகாது. நீ காலேஜ் படிக்கும்போது லேட்டாக வந்து கதவைத் திறந்தால் நான் ஹாலில் உட்கார்ந்திருப்பேனே, உனக்காகக் காத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். அதுவும்தான். ஜெபம் பண்ணினால் இதெல்லாம் போய்விடும் என்று சொன்னவர்களின் பேச்சை நான் கேட்கவில்லை. கவுன்சிலிங் போனேன், நல்லது நடந்தது. 1998-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. சிறுவயதில் பட்ட அடியும் வீட்டில் பார்த்த குடியும் வன்முறையும் எவ்வளவு கூடுகிறதோ, அந்த அளவுக்குப் பெரியவர்களானபின் மனச்சோர்வும் இதயநோயும் கூடுகின்றன என்று காட்டியது. உடம்பு கணக்கு வைத்திருக்கிறது என்றால் உடம்புக்கும் வைத்தியம் பார்க்க வேண்டியதுதானே. இதில் விசுவாசத்துக்கு என்ன குறை வந்துவிடும் என்று எனக்குப் புரிவதே இல்லை.

என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக நீ சபைக்குப் போக வேண்டாம். உன் அத்தை நம்புவதில்லை, உனக்குத் தெரியும். அதே கட்டிலுக்கு அடியில் இருந்தவள், அதே சாவியைக் கேட்டவள். 'எனக்குக் கேட்டவரும் வேணாம், கேட்காதவரும் வேணாம்' என்பாள். அவளிடம் நான் இதைப் பற்றி வாதாடியதே கிடையாது. அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை.

நான் மறந்த சில விஷயங்கள் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கு இன்னும் கேட்க வேண்டியது இருந்தால் அவளிடமே கேள். ஆனால் ராத்திரியில் கேட்காதே, அப்புறம் அவள் தூங்கமாட்டாள். முதலில், பேசலாமா என்று கேட்டுவிட்டுப் பேசு. எனக்குப் பதிலை லெட்டராகவே போடு.

அன்புடன்,
அப்பா