ரயில் கைமாறினால் அதன் பதிவேடும் கைமாறட்டும்: நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணைய அதிகாரிகளுக்கும், ரயில் சேவைகளை நடத்தும் எஸ்எம்ஆர்டி, எஸ்பிஎஸ் டிரான்சிட் நிறுவனங்களின் ரயில் பராமரிப்புப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

ஏதாவது ஒரு பாதையில் சேவை தடைபடும்போதெல்லாம் பயணிகளிடையே ஒரு கேள்வி எழுகிறது. எல்லா ரயில்களும் ஆணையத்துடையவைதானே, அந்தப் பாதையில் சும்மா நிற்பதைக் கொண்டுவந்து இங்கே ஓட்டக் கூடாதா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2016 அக்டோபர் 1ஆம் தேதி எஸ்எம்ஆர்டியின் ரயில்களும் மற்ற இயக்கச் சொத்துகளும் ஆணையத்தின் வசம் வந்தன. 2018 ஏப்ரல் 1ஆம் தேதி வடகிழக்குப் பாதையும் செங்காங், பொங்கோல் இலகு ரயில்களும் அதே ஏற்பாட்டுக்குள் வந்தன. பேருந்துகளில் இதை நாம் கண்ணாலேயே பார்த்துவிட்டோம். 2016ல் பூலிம் பேருந்துத் தொகுப்பின் 26 சேவைகள் டவர் டிரான்சிட் என்ற வேறு நிறுவனத்துக்குப் போயின. பயணிகள் அதே தடத்தில், அதே நிறுத்தத்தில் ஏறினார்கள்.

ரயிலை அப்படி மாற்ற முடியாது. முடியாததற்கான காரணங்களை வெளிப்படையாகப் பேசினால்தான், முடிகிற காரியம் எது என்பதும் புலப்படும். நடத்தும் நிறுவனம் மாறினாலும் ரயிலின் பராமரிப்புப் பதிவேடு முழுமையாகக் கைமாறுவதே அந்தக் காரியம். அதை இப்போதே தொடங்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

வட்டப் பாதையையும் டௌன்டவுன் பாதையையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னதை நடத்துவது எஸ்எம்ஆர்டி, பின்னதை நடத்துவது எஸ்பிஎஸ் டிரான்சிட். இரண்டிலும் மூன்று பெட்டி ரயில்கள். 750 வோல்ட் நேர் மின்சாரத்தை மின் தண்டவாளத்திலிருந்து எடுப்பவை. தண்டவாள இடைவெளி 1,435 மில்லிமீட்டர், பெட்டியின் அகலம் 3.2 மீட்டர், பக்கத்துக்கு நான்கு கதவுகள். ஓட்டுநர் இல்லாமலே இரண்டும் ஓடுகின்றன. கிம் சுவான் பணிமனையில் இரு பாதைகளின் ரயில்களும் நிற்கின்றன. தாளில் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்று மாற்று.

ஆனால் டௌன்டவுன் பாதையின் ரயில் பம்பார்டியர் கட்டியது. அதன் சமிக்ஞை சீமென்ஸ் வழிவந்தது. வட்டப் பாதையில் ரயிலும் சமிக்ஞையும் ஆல்ஸ்டம். பாதையோரக் கருவி ரேடியோவில் அனுப்பும் கட்டளையை அந்த ரயிலின் கணினி புரிந்துகொள்ளாவிட்டால், சக்கரம் பொருந்தியும் மின்சாரம் வந்தும் பயனில்லை. சமிக்ஞைக் கணினி, ஆன்டெனா, வேக உணரி, பிரேக்குடனும் கதவுடனும் அவற்றை இணைக்கும் கம்பிகள் எல்லாவற்றையும் கழற்றி வேறு பூட்ட வேண்டும். பிறகு பாதுகாப்புச் சான்றிதழுக்கான சோதனைகளை முதலிலிருந்து செய்ய வேண்டும். புதிய ரயில் வாங்கும்போது செய்யும் சோதனைகளில் பெரும்பகுதி இதற்கும் தேவைப்படும்.

ரேடியோவைப் பற்றிப் பேசும்போது 2016ஐ மறக்க முடியாது. அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் வட்டப் பாதை ரயில்கள் காரணம் தெரியாமல் அவசர பிரேக் போட்டு நின்றன. கடைசியில் தரவுகளை அலசியபோது அகப்பட்டது ஒரே ஒரு ரயில். அதன் சமிக்ஞைக் கருவியில் இருந்த கோளாறு அருகில் சென்ற மற்ற ரயில்களின் தொடர்பைக் குலைத்திருந்தது. சொந்தப் பாதையின் ரயிலே அப்படிச் செய்யுமென்றால், வேறு பாதைக்காகக் கட்டிய ரயிலைச் சில வாரச் சோதனையோடு உள்ளே விடுவது எவ்வளவு ஆபத்து என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஒரே ஒப்பந்தத்தில் வந்தாலும் இதே கதைதான். 2018ல் ஆல்ஸ்டமிடம் வாங்கக் கேட்ட சி851இ வகை ரயில்களில் ஆறு வடகிழக்குப் பாதைக்கும் மற்றவை வட்டப் பாதைக்கும். முன்னவை ஆறு பெட்டிகளுடன் மேல்கம்பியிலிருந்து 1,500 வோல்ட் எடுப்பவை. பின்னவை மூன்று பெட்டிகளுடன் கீழிருந்து 750 வோல்ட் எடுப்பவை. தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயிலிலோ ஒரு பெட்டிக்குப் பக்கத்துக்கு ஐந்து கதவுகள். வேறு எந்தப் பாதையின் நடைமேடைத் தடுப்புக் கதவுகளோடும் அது ஒட்டாது. இலகு ரயில்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புக்கிட் பாஞ்சாங்கில் 600 வோல்ட் மும்முனை மின்சாரம், செங்காங்கிலும் பொங்கோலிலும் 750 வோல்ட் நேர் மின்சாரம்.

பிரிட்டனில் ஒரு நிறுவனத்தின் ரயிலை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றுவது வழக்கம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். லண்டனைக் குறுக்கே கடக்கும் சேவைக்காக 1980களின் இறுதியில் கட்டிய 319 வகை ரயில்கள், 2015ல் லிவர்பூல், மான்செஸ்டர் பக்கம் ஓடத் தொடங்கின. மேல்கம்பியின் 25,000 வோல்ட்டையும் மின் தண்டவாளத்தின் 750 வோல்ட்டையும் எடுக்கும்படி அவை பிறந்ததுமுதலே அமைந்திருந்தன. பாதையோர விளக்கைப் பார்த்து ஓட்ட ஓட்டுநரும் இருந்தார். நம் பாதைகளில் இந்த இரண்டும் இல்லை.

ஆகவே இங்கே ரயில் தன் பாதையிலேயே இருக்கும்; அதை நடத்தும் நிறுவனம்தான் மாறும். எஸ்எம்ஆர்டியின் வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு, வட்டப் பாதைகளுக்கான உரிமம் 2031 செப்டம்பர் வரை. டௌன்டவுன் பாதையின் உரிமம் 2032 வரை, வடகிழக்குப் பாதையின் உரிமம் 2033 மார்ச் வரை. நீட்டிக்கப்படலாம், வேறு கைக்கும் போகலாம். ஜூரோங் வட்டாரப் பாதையை எஸ்பிஎஸ் டிரான்சிட்டும் ஆர்ஏடிபி டெவ் நிறுவனமும் சேர்ந்து நடத்தப்போவதிலிருந்தே தெரிகிறது, களத்தில் இனி இரண்டு பேர் மட்டும் இல்லை என்பது. அப்படிக் கைமாறும் இரவில் புதிய நிறுவனத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கும்? பெட்டிகள் கிடைக்கும். அவற்றின் பதிவேடு முழுமையாகக் கிடைக்குமா என்பதுதான் எங்கள் கவலை.

ரயிலின் எண்ணை வைத்து மட்டும் பதிவேடு எழுதினால் அது பாதிப் பதிவேடுதான். பெரும் பழுதுபார்ப்பின்போது ரயில் காத்திருக்காமல் இருக்க, தயாராக இருக்கும் போகியை, அதாவது சக்கரங்களும் அச்சுகளும் பூட்டிய அடிச்சட்டத்தை, பெட்டியின் அடியில் பொருத்தி அனுப்புவார்கள். கழற்றிய போகி சீராகி, பிறகு வேறொரு ரயிலுக்குப் போகும். போகிக்குள் இருக்கும் அச்சும், அச்சுமுனைப் பேரிங்கும், கியர் பெட்டியும் இப்படியே இடம் மாறும். பத்தாண்டுகள் ஓடிய பிறகு ரயிலின் கிலோமீட்டர் ஒன்று, போகியின் கிலோமீட்டர் ஒன்று, பேரிங்கின் கிலோமீட்டர் வேறொன்று. கிரீஸ் எப்போது மாற்றினோம், எந்தத் தொகுதி கிரீஸ் என்பதெல்லாம் பேரிங்கின் எண்ணோடு போக வேண்டியவை.

இது ஏட்டளவு விஷயம் அல்ல. 2024 செப்டம்பர் 25ஆம் தேதி கிழக்கு-மேற்குப் பாதையின் முதல் தலைமுறை ரயில் ஒன்றிலிருந்து அச்சுப் பெட்டி, அதாவது அச்சுமுனைப் பேரிங் இருக்கும் கூடு, கழன்று விழுந்தது. 2.55 கிலோமீட்டர் பாதை சேதமடைந்தது. ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே ஆறு நாள்கள் ரயில் இல்லை. எந்தப் பேரிங் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, அதன் கடைசி வெப்ப அளவு என்ன என்பது நொடியில் கிடைக்கும் இடத்தில் இருக்க வேண்டும். நிறுவனம் மாறும்போது அந்த இடம் காலியாகிவிடக் கூடாது.

இன்னொரு சின்ன எண்ணைப் பாருங்கள்: சக்கர விட்டம். புதிதாக 850 மில்லிமீட்டர் இருக்கும் சக்கரத்தை, தட்டையாகத் தேய்ந்த இடங்கள் போகக் கடைசலில் சீவியபின் 840 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்பதை ரயிலின் கணினி இந்த எண்ணிலிருந்துதான் கணக்கிடுகிறது. கணினியில் பழைய 850 அப்படியே இருந்தால் ஒரு கிலோமீட்டரில் ஏறத்தாழ 12 மீட்டர் பிழை சேரும். ரயில் இருக்கும் இடத்தை அதற்குச் சொல்ல, பாதையில் பதித்திருக்கும் பீக்கன் கருவிகள் இதை அவ்வப்போது திருத்தும். ஆனால் கடைசிப் பீக்கனிலிருந்து நிற்கும் இடம் 50 மீட்டர் என்றால் ரயில் 60 சென்டிமீட்டர் முன்னதாகவே நின்றுவிடும். தடுப்புக் கதவுகள் திறக்காது. ரயில் மெல்ல நகர்ந்து மறுபடி நிற்க வேண்டும். உச்ச நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் வரும் இடத்தில் அந்த அரை நிமிடம் பின்னால் வரும் ரயில்களை எல்லாம் தொடும். தானாகவே அளவைத் திருத்திக்கொள்ளும் ரயிலிலும் உள்ளிட்ட எண் ஒரு வரம்புக்குள் இருந்தாக வேண்டும். ஒரே போகியின் இரு அச்சுகளில் விட்டம் அதிகம் வேறுபட்டால், வழுக்காத சக்கரத்தையும் வழுக்குகிறது என்று கணினி நினைத்து பிரேக்கைத் தளர்த்தும். மழையில் மேம்பாலத் தடத்தில் இது பொல்லாதது.

கைமாறும்போது இந்த எண்களைத் தாளில் வாங்கினால் போதாது, அளந்து வாங்க வேண்டும். பழைய நிறுவனம், புதிய நிறுவனம், ஆணையம் மூன்றும் பணிமனையின் ஆய்வுக் குழியில் ரயிலுக்கு அடியில் ஒன்றாக நின்று பார்க்க வேண்டும். சக்கர விட்டம், விளிம்பின் உயரமும் தடிமனும், மின்சாரம் எடுக்கும் ஷூவின் தேய்மானம், பிரேக் பட்டையின் மீதித் தடிமன், போகிச் சட்டத்தின் வெல்டிங் ஓரங்களில் விரிசல் சோதனை, காற்றழுத்தக் கசிவு, மின்கலத்தின் சுமைச் சோதனை, ஒவ்வொரு கதவும் மூட எடுக்கும் நேரமும் இடையில் தடை வந்தால் திறப்பதும். இவற்றை ஒழுங்காகச் செய்தால் வாரத்துக்கு இரண்டு ரயில்களுக்கு மேல் முடிக்க இயலாது. டௌன்டவுன் பாதையில் மூன்று பெட்டி ரயில்கள் 92; அதற்கே 46 வாரங்கள். இரவில் பாதை மூடியிருப்பது மூன்றரை மணி நேரம்தான். தீபாவளிக்கு முந்தைய இரவைப் போலச் சேவை நீளும் நாள்களில் அதுவும் சுருங்கும். எனவே உரிமம் முடிவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே ஆய்வு தொடங்கியாக வேண்டும். கடைசி ஆண்டில் பெரிய வேலைகளைத் தள்ளிப்போட எந்த நிறுவனத்துக்கும் ஆசை வருவது இயல்பு. தள்ளிவைத்த வேலைகளின் பட்டியலை மாதந்தோறும் ஆணையம் கேட்டு வாங்கினால் அந்த ஆசைக்கு இடமிருக்காது.

மென்பொருள் விஷயம் பலர் கண்ணில் படாதது. கதவு, பிரேக், குளிரூட்டி, மோட்டார் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணினி. கோளாறுப் பதிவை வாசிக்கத் தனி மென்பொருள். அதன் பயன்பாட்டு உரிமம் நிறுவனத்தின் பெயரில் இருந்தால், கைமாறிய மறுநாள் காலை மடிக்கணினி திறக்காது. தொழில்நுட்பருக்குக் கதவு ஏன் நின்றது என்றே தெரியாது. கண்மூடித்தனமாகப் பாகத்தை மாற்றுவார், அது சரியான பாகமாகவும் இராது. இந்த உரிமங்கள் எல்லாம் ஆணையத்தின் பெயரில் இருக்கட்டும். ஒவ்வொரு ரயிலிலும் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்ற பட்டியலும் அப்படியே.

உதிரிப்பாகங்களிலும் ஒரு வாய்ப்பு வீணாகக் கிடக்கிறது. சி851இ ரயில்கள் எஸ்எம்ஆர்டியின் வட்டப் பாதை, எஸ்பிஎஸ் டிரான்சிட்டின் வடகிழக்குப் பாதை என இரு பாதைகளிலும், இரு நிறுவனங்களிடமும் ஓடுகின்றன. ரயிலை மாற்றிக்கொள்ள முடியாவிட்டாலும், எந்தெந்தப் பாகங்கள் இரண்டுக்கும் பொருந்தும் என்று ஒரு பட்டியல் எடுத்துப் பொதுக் கிடங்கு ஒன்றை வைக்கலாம். ஒருவரிடம் தீர்ந்த பாகம் வெளிநாட்டிலிருந்து வரும்வரை ரயில் நிற்க, அதே பாகம் தீவின் இன்னொரு முனையில் அலமாரியில் இருப்பது தகுமா?

கடைசியாக, மனிதர்கள். இரவுப் பணியில் தமிழ் பேசும் தொழில்நுட்பர்கள் கணிசமானவர்கள். எந்த ரயிலின் எந்தக் கதவு வெயில் நேரத்தில் மட்டும் முரண்டு பிடிக்கும் என்பது அவர்கள் கைக்குத்தான் தெரியும். பேருந்துத் தொகுப்புகள் கைமாறியபோது, ஊழியர்களுக்கு முன்பிருந்ததற்குக் குறையாத நிபந்தனைகளில் வேலை தரும்படி புதிய நிறுவனங்களிடம் கேட்டீர்கள். ரயிலுக்கும் அதையே எழுத்தில் போடுங்கள். தேசியப் போக்குவரத்து ஊழியர் சங்கத்தை உரிமம் முடியும் ஆண்டில் அல்ல, இப்போதே அழைத்துப் பேசுங்கள். வேலை நிச்சயம் இல்லாதவர் கடைசி ஆண்டில் வேறு இடம் தேடிக்கொள்வார். அவரோடு போகும் அறிவை எந்தப் படிவத்திலும் எழுதி வாங்க முடியாது.

நாங்கள் கேட்பது இவ்வளவே. போகி, அச்சு, பேரிங், கியர் பெட்டி அளவில் ஒரே வடிவத்தில் ஒரு பதிவேட்டை ஆணையமே வைத்திருக்கட்டும். நிறுவனங்கள் ஒவ்வொரு நாளும் அதில் எழுதட்டும். அதை முதலில் வட்டப் பாதையின் சி851இ ரயில்களிலும் வடகிழக்குப் பாதையின் ஆறு ரயில்களிலும் தொடங்கலாம். இரு நிறுவனங்களும் ஒரே படிவத்தில் எழுத முடிகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். இனி வாங்கும் ரயில்களின் ஒப்பந்தங்களில் மென்பொருள் உரிமமும் சிறப்புக் கருவிகளும் ஆணையத்தின் பெயரிலேயே வரட்டும். 2031க்கு இன்னும் காலம் இருக்கிறது என்று தோன்றலாம். பழைய பதிவுகளைப் போகி எண் வாரியாகப் பிரித்து எழுதவே ஒரு முழுப் பெரும் பழுதுபார்ப்புச் சுற்று, அதாவது சில ஆண்டுகள் ஆகும். அடுத்து பணிமனைக்கு வரும் ரயிலிலிருந்தே தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ரயில் பராமரிப்புத் தொழில் அறிந்த சிங்கப்பூர்த் தமிழர்கள் சிலர்