ட்ரகுலான் கிரகத்துக்காரி மறுபடி வந்திருக்கிறாள்

அன்புள்ள கௌரி,

கடிதம் கிடைத்தது. மருமகள் வேலைக்குத் திரும்பிவிட்டாளா? அப்படியானால் பேரன் இனி உன் தலையில்தான். இங்கே இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எனக்குத்தான் முழங்கால் மாடிப்படியைப் பார்த்தாலே முரண்டு பிடிக்கிறது. வீட்டோடு கிடப்பதில் ஒரு லாபம், படிப்பு நிறைய.

நம்ம காமிக்ஸ் ரத்தக்காட்டேரி வாம்பிரெல்லா மறுபடி வந்தாளே, புதுத் தொடர் தேறுமா என்று கேட்டிருந்தாய். தேறும்டி. 2019-ல் அவளுக்கு ஐம்பது வயது ஆனபோது டைனமைட் பதிப்பகம் மறுபடி ஒன்றாம் இதழிலிருந்து ஆரம்பித்தது. எழுதியவர் கிறிஸ்டோபர் ப்ரீஸ்ட், பிளாக் பாந்தர் காமிக்ஸை நிமிர்த்திவிட்ட அதே ஆள். படம் வரைந்தவர் துருக்கிக்காரர் எர்குன் குண்டுஸ்.

பழைய கதை உனக்கு நினைவிருக்கும். ட்ரகுலான் கிரகம், அங்கே ஆற்றில் ஓடுவதே ரத்தம், அது வற்றும்போது பூமியிலிருந்து ஒரு விண்கலம் வந்து இறங்கும். 1969-ல் வாரன் கம்பெனி அதைக் கறுப்பு வெள்ளைப் பத்திரிகையாகப் போட்டதே ஒரு தந்திரம். அமெரிக்காவில் காமிக்ஸ் புத்தகங்களுக்குத் தணிக்கை விதி இருந்தது, 1971 வரை ரத்தக்காட்டேரிக்கு இடமே இல்லை. பத்திரிகை என்றால் அந்த விதி தொடாது. ஆரம்பத்தில் கேலிக்கூத்தாக இருந்ததை எழுத்தாளர் ஆர்ச்சி குட்வின் வந்து நிஜமான பேய்க்கதையாக்கினார். வாரன் திவாலானதும் ஹாரிஸ் கம்பெனி கைக்குப் போனது. தொண்ணூறுகளில் அவர்கள், ட்ரகுலானே பொய் நினைவு, இவள் யூதப் புராணத்துப் பெண்பேய் லிலித்தின் மகள் என்று மாற்றிவிட்டார்கள்.

இந்த இரண்டு பிறப்புக் கதைகளை வைத்துக்கொண்டு ப்ரீஸ்ட் என்ன செய்கிறார் பார். ஒரு விமான விபத்தில் பிழைத்தவளாக அவளை ஒரு மனநல மருத்துவர் முன்னால் உட்கார வைக்கிறார். அவள் தன் கதையைச் சொல்லச் சொல்ல, மருத்துவர் எதையும் நம்புவதில்லை. வேற்றுக்கிரகமாம், ரத்த ஆறாம்! ஐம்பது வருஷத்து அபத்தத்தை மறைக்காமல் அப்படியே மேஜைமேல் கொட்டியிருக்கிறார். அதனால்தான் எனக்குப் பிடித்தது. அவள் தரப்பை முதல்முறையாக யாரோ உட்கார்ந்து கேட்கிறார்கள்.

குறையும் உண்டு. காலம் முன்னும் பின்னும் தாவுவதில் எனக்குத் தலை சுற்றியது, இரண்டு தடவை படித்தேன்.

அவள் உடுத்தும் அந்தச் சிவப்புத் துணி, அதைத் துணி என்று சொல்லலாமா தெரியவில்லை, அதற்கும் விமோசனம் இல்லை. முதலில் அதை வடிவமைத்தது ட்ரினா ராபின்ஸ், ஒரு பெண். தான் கொடுத்ததைப் பிறகு வந்தவர்கள் சுருக்கிக்கொண்டே போனார்கள் என்று அவருக்கு வருத்தம் இருந்தது. நியாயம்தானே?

முதல் தொகுப்பை உன் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். மருமகள் கண்ணில் அட்டைப்படம் படாமல் பார்த்துக்கொள், அப்புறம் என்னைத்தான் சொல்வாள்.

அன்புடன்,
வசந்தி