பூநாரைகளுக்கு அமைதி வேண்டும்

ஐயா, கோடியக்கரைக்கு வலசைப் பறவைகள் வரத் தொடங்கியதையும், பயணிகள் கூட்டம் பெருகியிருப்பதையும் கூறும் செய்தியைப் படித்தேன். 1967இல் சரணாலயமாகி, 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற இந்த உவர்நிலத்துக்கு மக்கள் வரட்டும். வெளிமானை நேரில் கண்ட பிள்ளைகள் அதை எளிதில் மறப்பதில்லை. ஆனால், பறவைகள் இரை தேடும் இடம்வரை வாகனங்களை விடுவது சரியல்ல. கடந்த தை மாதம் குடும்பத்துடன் அங்கே இரவு தங்கி, விடியலில் சதுப்பின் ஓரம் நின்றிருந்தோம். பாட்டு அலற ஒரு வேன் வந்து நின்றது. மேய்ந்துகொண்டிருந்த பூநாரைக் கூட்டம் மொத்தமாக எழுந்து பறந்துவிட்டது; நாங்கள் திரும்பும்வரை அவை மீண்டும் இறங்கவில்லை.

பருவக் காலத்திலாவது தனியார் வாகனங்களை நுழைவாயிலிலேயே நிறுத்தி, வனத்துறை பேட்டரி வண்டிகளை இயக்க வேண்டும். பறவைகளை அறிந்த உள்ளூர் இளைஞர்களை அவற்றில் வழிகாட்டிகளாக அமர்த்தலாம்.

– வாசகர், வேதாரண்யம்